ஒடிந்த இடமும் ஒடித்த இடமும்
(ஸ்டியரிங் கம்பத்துக் கியர் பழுது பார்த்தல் – ஓர் அனுபவப் பாடம்)



கியர் லீவர் என்றதும் தரையிலிருந்து நிற்கும் லீவர்தான் நமக்கு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அது ஸ்டியரிங் வீலுக்குக் கீழே, கம்பத்தின் பக்கவாட்டில் இருந்தது. அமெரிக்காவில் 1938-ல் காடிலாக் கார்களில் வந்த இந்த முறை, பிறகு மற்ற கார்களுக்கும் பிக்-அப் வண்டிகளுக்கும் பரவியது. தரையில் லீவர் இல்லாததால் முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நம் நாட்டில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பல்லாண்டு காலம் இப்படித்தான் ஓடின.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் வெல்டர். சென்ற மே விடுமுறையில் நானும் கூடப் போனேன். அங்கே ஒரு பழைய அமெரிக்க பிக்-அப் வந்தது. மூன்று கியர். லீவர் ஒடிந்து தொங்கிக் கொண்டிருந்தது.

அமைப்பு

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டியரிங் கம்பத்தோடு சேர்ந்து ஒரு கியர் தண்டு கீழே போகிறது. லீவரை நம் பக்கம் இழுத்தால் தண்டு மேலும் கீழுமாகச் சற்று நகரும். லீவரை ஏற்றி இறக்கினால் தண்டு திரும்பும். கம்பத்தின் அடியில் இரண்டு கை லீவர்கள் உள்ளன. ஒன்று முதல் கியருக்கும் ரிவர்சுக்கும், மற்றது இரண்டாம், மூன்றாம் கியருக்கும். தண்டின் நகர்வு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, திருப்பம் அதைத் தள்ளுகிறது. அங்கிருந்து இரண்டு ராடுகள் கியர் பாக்ஸுக்குப் போகின்றன.

வழக்கமான மூன்று கியர் வண்டியில் நம் பக்கம் இழுத்துக் கீழே இறக்கினால் முதல் கியர், இழுத்து மேலே ஏற்றினால் ரிவர்ஸ். இழுக்காமல் மேலே ஏற்றினால் இரண்டு, கீழே இறக்கினால் மூன்று.

நான் வாய் திறக்காத தவறு

லீவரைத் தாங்கும் காலர் இரண்டாகப் பிளந்திருந்தது. சாம்பல் வெள்ளை நிறம், கையில் கனமாக இருந்தது. மேஜையில் கிடந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அலுமினியமாக இருந்தால் இவ்வளவு கனம் இருக்காது. அப்படியானால் இது துத்தநாக வார்ப்பு. துத்தநாகம் உருகுவது 420 டிகிரி அளவில். அலுமினியம் சேர்த்த வார்ப்புக் கலவை 400-க்கும் கீழேயே உருகிவிடும். வெல்டிங் ஆர்க்கின் சூடோ 3,500 டிகிரிக்கு மேல். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்.

ஆனால் இருபது வருடமாக வெல்டிங் பிடிக்கிற அப்பாவிடம் போய், "இது பத்தாதுங்கப்பா" என்று எப்படிச் சொல்வது? ஷாப்பில் நாலு பேர் நின்றார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். ஆர்க் பட்ட மறு நொடி வெள்ளைப் புகை கிளம்பி, காலரில் பாதி மெழுகு மாதிரி ஒழுகிப் போயிற்று. (அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலே வரும், ஜாக்கிரதை!)

வண்டிக்காரர் கோபப்பட்டார். அப்பாவுக்குக் கூலி கிடைக்கவில்லை. புதுக் காலருக்கான லேத் கூலியும் அவர் தலையில் விழுந்தது. ராத்திரி வீட்டில்தான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. "தெரிஞ்சுமா சும்மா நின்னே, சாமி?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

உண்மைக் காரணம்

மறுநாள், ஒடிந்தது ஏன் என்று தேடினோம். பானெட்டைத் திறந்து கம்பத்தின் அடியைப் பார்த்ததும் விடை கிடைத்தது. கை லீவர்கள் தேய்ந்து ஆடின. ராடு முனைகளில் புஷ்ஷே இல்லை, துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. அதனால் தண்டின் நாக்கு ஒரே சமயத்தில் இரண்டு லீவரையும் பிடிக்கிறது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் இன்டர்லாக், இரண்டு கியர் சேர்ந்து விழ விடாது. ஆகவே லீவர் இறுகி நிற்கும். டிரைவர் பலம் கொண்ட மட்டும் இழுத்திருக்கிறார். இருப்பதிலேயே பலவீனமான காலர் ஒடிந்தது. ஒடிந்த இடம் மேலே, ஒடித்த இடம் கீழே!

பழுது பார்த்த முறை

1. வீல்களுக்குக் கல் வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். ஹாரன் ஒயர் கம்பத்தின் வழியாகத்தான் வருகிறது.

2. ஸ்டியரிங் வீலுக்கும் தண்டுக்கும் அடையாளக் கோடு போட்டு, புல்லர் வைத்து வீலைக் கழற்றினோம். சுத்தியால் அடிக்கக் கூடாது.

3. மிஞ்சிய பாதிக் காலரிலிருந்து அளவெடுத்து, மறு பாதிக்கு அட்டையில் வடிவம் வெட்டி வண்டியிலேயே பொருத்திப் பார்த்தோம். பிறகு மைல்டு ஸ்டீலில் கடைந்தோம். பின் துளையை ரீமர் போட்டு முடித்தோம். துளையில் ஆட்டம் இருந்தால் லீவர் முனையில் அது பல மடங்காகத் தெரியும்.

4. தேய்ந்த துளைகளை நிரப்பி மறுபடி துளையிட்டுப் புதுப் புஷ் போட்டோம். கை லீவர்கள் எஃகு. இங்கே வெல்டிங் அழகாகப் பிடித்தது.

5. கியர் பாக்ஸ் லீவர் இரண்டையும் நியூட்ரலில் வைத்து, கம்பத்தடி லீவர்களை நேராக்கி, துளையில் ஒரு கம்பியைச் செருகி, ராடுகளின் நீளத்தைச் சரி செய்து இறுக்கினோம். பிறகு மறக்காமல் கம்பியை எடுத்தோம்.

6. எஞ்சினை ஓட விடாமல் எல்லாக் கியரையும் பலமுறை போட்டுப் பார்த்தோம். அதன் பிறகுதான் ரோட்டில் ஓட்டினோம்.

ஒரு விரலால் கியர் விழுந்தது. வண்டிக்காரர் சிரித்துக் கொண்டே போனார். வெல்டிங் கூலி மட்டும் வரவில்லை.

நண்பர்களே! ஒடிந்ததை ஒட்டுவதற்கு முன் அது ஏன் ஒடிந்தது என்று பாருங்கள். தீ வைப்பதற்கு முன் காந்தம் வையுங்கள். இரண்டையும்விட முக்கியமான ஒன்று உண்டு. படித்ததை வேலை நடக்கும் இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். அதனால் பெரியவர்களுக்கு மரியாதை குறையாது. இப்போது அப்பா புதுப் பொருள் எது வந்தாலும் ஹோல்டரைக் கையில் எடுக்குமுன், "தம்பி, காந்தத்தை எடு" என்கிறார். நான்கு பேர் முன்னால்தான் சொல்கிறார்.

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்