குறுந்தகடு இயக்கியைத் தேர்ந்தெடுத்தல்

தில்லிச் செங்கோட்டையின் எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தை, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய சந்தையில் குறுந்தகடு இயக்கி வாங்குவோர், விலையையும் பளபளப்பையும் மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

குறுந்தகடு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியானது நொடிக்கு 44,100 அளவீடுகளாக, எண் வடிவில் பதிந்துள்ளது. நுண்குழிகளாக உள்ள அப்பதிவை லேசர் கதிர் படிக்கிறது. அவ்வெண்களை இயக்கி மின்னலைகளாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி அவற்றை ஒலியாக்குகிறது. படித்தலும் மாற்றலும் பிழையின்றி நிகழ்தலே நல்ல இயக்கியின் இலக்கணம்.

வாங்குவோர், தமக்கு நன்கு பழகிய தமிழ்ப்பாடல் தகட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுதல் நலம். இரண்டு இயக்கிகளை ஒரே ஒலிபெருக்கியில், ஒரே ஒலியளவில் கேட்டு ஒப்பிட வேண்டும். ஏனெனில் உரத்து ஒலிப்பதே நயமானது எனச் செவி மயங்கும். லகர, ளகர, ழகரங்கள் தெளிவாகப் பிரிகின்றனவா? பாடல்களின் இடையே இரைச்சல் உண்டா? சிறு கீறல் உள்ள தகடும் தடையின்றி ஓடுகிறதா? இவற்றை ஆராய்தல் வேண்டும்.

தமிழகத்திற்குத் தொலைவில் வாழும் பிள்ளைகள் தமிழ் ஒலிகளைக் கேட்டுப் பழகும் வழிகளுள் பாட்டும் ஒன்று. ஆதலால், தெளிவான ஒலி அவர்களுக்கு மொழிப் பயிற்சியும் ஆகும்.

வினா: இரு இயக்கிகளையும் ஒரே ஒலியளவில் கேட்க வேண்டுவது ஏன்?