பூட்டைக் கவனிக்கும் நிரலே பூட்டிக்கொண்டால்?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்ட வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லினக்ஸ் கெர்னலில் எந்தெந்தப் பூட்டுக்காக சிபியுக்கள் அதிக நேரம் காத்துக் கிடக்கின்றன என்று அளக்க ஒரு மாட்யூல் எழுதியிருக்கிறேன். ‘கன்டென்ஷன் பிகின்’ டிரேஸ்பாயின்ட்டில் என் ஹேண்ட்லரை மாட்டி, எண்ணிக்கையை ஓர் அட்டவணையில் ஏற்றுகிறேன். அட்டவணைக்குக் காவலாக ஒரு ஸ்பின்லாக். சாதாரணமாக மணிக்கணக்கில் ஓடுகிறது. லோடு ஏறினால் கணினி உறைந்துவிடுகிறது, திரையில் ஒரு வரிகூட வருவதில்லை. ஸ்பின்லாக்கை ‘ஐஆர்க்யூ சேவ்’ வகைக்கு மாற்றிய பிறகு உறைவது குறைந்தது, நிற்கவில்லை. எல்லா இடத்திலும் டிரைலாக் போட்டால் தீருமா? சோதனைக் கணினி சேலத்தில் இருக்கிறது. உறையும்போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப்போய் ரீசெட் செய்ய வேண்டியிருக்கிறது.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: டிரைலாக் போட்டால் உறைவது நிற்கும். ஆனால் உங்கள் அளவீடு கெட்டுப்போகும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஸ்பின்லாக் தன்னைப் பிடித்திருப்பது யார் என்று பார்ப்பதில்லை. பிடித்திருக்கும் சிபியுவே மறுபடி வந்து கேட்டாலும், பூட்டு விடுபடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் மாட்யூலில் இதற்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஹேண்ட்லர் அட்டவணைப் பூட்டைப் பிடித்திருக்கிறது. அதே சிபியுவில் ஓர் இன்டரப்ட் வருகிறது. அந்த இன்டரப்ட் வேறு ஏதோ ஒரு பூட்டுக்குக் காத்திருக்க நேர்கிறது. உடனே டிரேஸ்பாயின்ட் உங்கள் ஹேண்ட்லரை மீண்டும் அழைக்கிறது. அது கேட்கும் அட்டவணைப் பூட்டோ, அடியில் பாதியில் நிற்கும் முதல் ஹேண்ட்லரின் கையில். இன்டரப்ட் முடிந்தால்தான் அது விடுபடும். அது விடுபட்டால்தான் இன்டரப்ட் முடியும். ஐஆர்க்யூ சேவ் அடைத்தது இந்த வழியைத்தான்.

இரண்டாவது வழி இன்னும் திறந்திருக்கிறது. பல சிபியுக்கள் ஒரே நேரத்தில் உங்கள் அட்டவணைப் பூட்டைக் கேட்டால், ஒன்றைத் தவிர மற்றவை வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் ஒரு கன்டென்ஷன்தானே? ஹேண்ட்லர் மீண்டும் அழைக்கப்படுகிறது, அதே பூட்டைக் கேட்கிறது, மீண்டும் காத்திருக்கிறது, மீண்டும் அழைக்கப்படுகிறது. பூட்டு விடுபடத் தாமதமானால் கெர்னல் ஸ்டாக்கே தீர்ந்துபோகும். கிடங்குச் சாவிக்காகக் காத்திருப்பவர் எவரும் பேரேட்டில் பெயர் எழுத வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, அந்தப் பேரேட்டையும் கிடங்குக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது. நெரிசல் இருந்தால்தான் நேரும் என்பதால் லோடு ஏறும்போது மட்டும் தலைகாட்டுகிறது.

இந்தச் சிக்கலோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் பலர் நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தவர்கள். ஓடும் கெர்னலில் பொறி வைக்க உதவும் கேப்ரோப்ஸின் மூலக்கோப்பைத் திறந்தால், 2002 அக்டோபரில் உருவாக்கியவர் என்று ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணாவின் பெயர் இருக்கும்; 2004இல் சேர்த்தவர்களாக சுபர்ணா பட்டாச்சார்யா, பெங்களூரின் பிரசன்னா பஞ்சமுகி ஆகியோரின் பெயர்கள் இருக்கும். அந்த ஆண்டு 2.6.9 பதிப்பில் கேப்ரோப்ஸ் கெர்னலுக்குள் வந்தது. ஏறக்குறைய எந்தக் கட்டளையின் மேலும் பொறி வைக்கலாம் என்றால், பொறி கையாளும் நிரல் அழைக்கும் ஃபங்ஷன் மேலும் இன்னொரு பொறி இருக்கலாம். அவர்களுடைய தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு சிபியு பொறியைக் கையாண்டுகொண்டிருக்கும்போது இன்னொன்று சிக்கினால், இரண்டாவதன் ஹேண்ட்லரை அழைக்காமல் மூலக் கட்டளையை மட்டும் நிறைவேற்றிவிட்டு, ‘என்மிஸ்ட்’ என்ற கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். காத்திருப்பதே இல்லை.

பூட்டே எழுதாதவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2016இல் பிபிஎஃப் ஹேஷ் அட்டவணைகளுக்கு நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கும் முறை வந்ததற்குக் காரணம் இதுதான். ‘ஸ்பின் அன்லாக்’ மேல் பொறி வைத்த பிபிஎஃப் நிரல் அட்டவணையில் எழுதப்போக, அது நினைவகம் கேட்க, நினைவக ஒதுக்கியின் பூட்டோ அந்த நொடியில் அதே சிபியுவின் பிடியில் இருக்கும். ஆகவே உங்கள் ஹேண்ட்லருக்குள் கேமாலாக் கூடாது, பிரின்ட்கே வேண்டாம். அட்டவணையின் இடம் முழுவதையும் மாட்யூல் ஏறும்போதே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது டிரைலாக். நெரிசலை அளக்கத்தான் இந்த மாட்யூல். டிரைலாக் தோற்பது நெரிசல் நேரத்தில்தான். அதாவது, எந்த நிகழ்வுகளுக்காக இத்தனை பாடுபடுகிறீர்களோ, அவைதான் முதலில் விழும். எண்கள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். உறைந்துபோன கணினியைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

பொது அட்டவணையை விட்டுவிட்டு, சிபியுவுக்கு ஓர் அட்டவணை வையுங்கள். பூட்டே தேவைப்படாது. ஹேண்ட்லரின் தொடக்கத்தில் அந்த சிபியுவின் இன்டரப்ட்டை நிறுத்தி, ‘உள்ளே இருக்கிறேன்’ என்ற சிபியுவுக்குரிய கொடியைப் பாருங்கள். ஏற்றப்பட்டிருந்தால் தவறிய கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்புங்கள். இல்லையென்றால் ஏற்றி, எழுதி, இறக்கி, இன்டரப்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்டரப்ட் நிறுத்தத்துக்கும் அடங்காத என்எம்ஐ இடையில் புகுந்தாலும் கொடி காக்கும். எஃப்ட்ரேஸ் இதையே சாதாரணம், சாஃப்ட்ஐஆர்க்யூ, இன்டரப்ட், என்எம்ஐ என்ற நான்கு நிலைகளுக்கும் தனித்தனியாகச் செய்கிறது. உங்களுக்கு ஒரு கொடி போதும். மொத்தக் கூட்டலை ஹேண்ட்லருக்கு வெளியே ஒரு சாதாரண திரெட்டில் செய்துகொள்ளலாம்.

உண்மையில், மாட்யூல் எழுதத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். ‘பெர்ஃப் லாக் கன்டென்ஷன்’ கட்டளை பிபிஎஃப் வழியாக இதே வேலையைச் செய்கிறது. 2025இல் 6.15 கெர்னலில் குமார் கார்த்திகேய திவிவேதி கொண்டுவந்த ஆர்க்யூஸ்பின்லாக், ஒரே சிபியு மறுபடி கேட்பதையும், இரு சிபியுக்கள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதையும் தானே கண்டுபிடித்துப் பிழை சொல்லித் திரும்பிவிடும். பிபிஎஃப் அட்டவணைகள் இப்போது அதைத்தான் பயன்படுத்துகின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சோதனைக் கெர்னலில் லாக்டெப்பை இயக்கி, முதலில் க்யூஈஎம்யூ மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள். சேலத்துக் கணினியில் என்எம்ஐ வாட்ச்டாக்கை இயக்கி, ஹார்ட் லாக்கப் நேர்ந்தால் பேனிக் ஆகவும், பேனிக் ஆனால் 10 நொடியில் தானே மறுதொடக்கம் ஆகவும் அமைத்துவிடுங்கள். கேடம்ப்பும் இருந்தால் உறைந்த கணத்தின் ஸ்டாக் கையில் கிடைக்கும்.

தவறிய கணக்கை அறிக்கையின் முதல் வரியிலேயே அச்சிடுங்கள். அது மொத்த நிகழ்வுகளில் கண்ணுக்குத் தெரியும் பங்கு என்றால், கீழே உள்ள எண்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.