திருவீழிமிழலைப் படிக்காசும் இருவினையொப்பும்

பிராரத்த வினை எப்பொழுது எவ்வாறு வந்து ஊட்டும் என்பது நம்மால் முன்னறியப்படுவதன்று. அதனான், மாற்றம் நேர்ந்துழி யாதும் முயலாது வாளாவிருத்தலே இருவினையொப்பு எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாதென்பது, 12-ஆம் திருமுறையாகிய பெரியபுராணத்துள் வரும் திருவீழிமிழலை நிகழ்ச்சியான் இனிது விளங்கும்.

மழை பொய்த்து வற்கடம் பரந்த காலத்து, ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் அத்தலத்து எழுந்தருளியிருந்தனர். இறைவன் கனவிற்றோன்றி, அடியாரை ஊட்டுதற்பொருட்டு இருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு அளிப்பதாக அருளினான். ஆண்டு முழுமைக்கும் போதிய பொற்குவை அருளப்படவில்லை. அன்றன்றைக்குரிய ஒரு காசே அருளப்பட்டது. ஈண்டு உற்றுநோக்கற்பாலது இதுவேயாம்.

பிள்ளையார் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. ஊழென்று அவர் அமைந்திலர், காரணம் வினாவினார். தம் காசு வாசியுடையது, அரசர் காசு வாசியற்றது என மடத்தார் கூறக் கேட்டார். (அடுக்களைச் செய்தியை ஆசாரியர் வினாவியறிதல் இழிவன்றென்பதும் இதனாற் பெறப்படும்.) அவ்வேற்றுமை அரசரது கைத்தொண்டின் பயனென உணர்ந்தார், அழுக்காறு கொண்டிலர். பதிகம் பாடி வாசி தீரப்பெற்றார்.

இருவினையொப்பாவது, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்குதல், அறிவொழிந்திருத்தல் அன்று. பின்னாளில் திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடப்பக்கண்டு, அவற்றைப் பருக்கைக் கற்களோடொப்ப வாரி வாவியில் எறிந்தவரும், வீழிமிழலையில் நாடோறும் சென்று காசு பெற்றவரும் ஒரே நாவுக்கரசரன்றோ? புகலூர்ப் பொன் பணிக்கு வேண்டப்படாதது. மிழலைக் காசு அடியார் பசிக்கு வேண்டப்பட்டது.