மாருதி 800-க்கு ஜென் இன்ஜின்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: என்னிடம் 2006-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை தள்ளுகிறது. மெக்கானிக் மூன்று வழி சொல்கிறார். இதே இன்ஜினை இறக்கிப் போர் செய்யலாம். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இன்னொரு 800 இன்ஜினை மாட்டலாம். இல்லையென்றால் ஜென் அல்லது வேகன்-ஆர் இன்ஜினை ஏற்றலாம். மூன்றாவதுதான் கொடுக்கிற காசுக்கு லாபம் என்கிறார். ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாறாதபடி அவரே பார்த்துக்கொள்வாராம். 2021-இல் புதுப்பித்த பதிவு 2026-இல் முடிகிறது. நான் எதைச் செய்வது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இந்தக் கடிதத்தில் ஆபத்தான வரி ஜென் இன்ஜினைப் பற்றியது அல்ல. எண் மாறாதபடி பார்த்துக்கொள்வதாக மெக்கானிக் சொன்னாரே, அதுதான். புதிதாக வரும் இன்ஜினின் எண்ணைத் தேய்த்துவிட்டு, ஆர்.சி.யில் உள்ள பழைய எண்ணைப் பஞ்ச் அடிப்பதற்குத்தான் பட்டறையில் இவ்வளவு நாசூக்கான பேச்சு. இன்ஜின் நேர்மையாக வாங்கியதாகவே இருக்கட்டும். எண்ணைத் தேய்த்த அன்றே அது திருட்டுப் பொருளின் தோற்றத்தைப் பெற்றுவிடும். உண்மையிலேயே திருட்டு இன்ஜினாக இருந்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2) பிரிவு வரும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் அதைக் கெட்ட எண்ணத்தோடு வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. எண் தேய்க்கப்படுவது தெரிந்தே வாங்கியவர், நம்பக் காரணமே இல்லை என்று நீதிமன்றத்தில் வாதிடுவது எப்படி?

இனி மூன்று வழிகள். முதல் வழியில் சட்டத்துக்கு வேலையே இல்லை. இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். அந்த பிளாக்கை வைத்துக்கொண்டு போர் செய்வது, ஸ்லீவ் போடுவது, பிஸ்டன், ரிங், வால்வு மாற்றுவது எல்லாம் பழுதுபார்ப்புதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஆர்.சி.யில் ஓர் எழுத்தும் மாறாது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது வழியில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அதே கம்பெனி, அதே மாடல் இன்ஜின்தானே, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்ற எண்ணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படிப் பார்க்கவில்லை. 10 வண்டிக்குக் குறையாமல் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்கள், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம் என்று அந்தப் பிரிவு ஒரு சலுகை தருகிறது. பஸ், லாரி கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதிய சலுகை அது. அவர்களுக்கே தனி அனுமதி தேவையென்றால், ஒற்றைக் கார் வைத்திருப்பவர் முன் ஒப்புதல் வாங்கியாக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஒப்புதல் இல்லாமல் மாற்றம் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து, கட்டணம் கட்டி, ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த 14 நாளை நம்பி வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

அதே வகை என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800-இல் கொள்ளளவு ஏறக்குறைய எப்போதும் 796 சி.சி.தான். ஆனால் முதலில் கார்புரேட்டர், பிறகு எம்.பி.எஃப்.ஐ., நடுவில் 12 வால்வும் 5 கியரும் கொண்ட ஒரு வகை என்று இன்ஜின் மாறிக்கொண்டே வந்தது. பழைய பாகச் சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கார்புரேட்டர் இன்ஜினை வாங்கி 2006 வண்டியில் மாட்டினால், புகைச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். பாரத் ஸ்டேஜ்-2 காலத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். பாரத் ஸ்டேஜ்-2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம். சோதனை மையம் பார்ப்பது வண்டியின் வயதை. உள்ளே இருக்கும் இன்ஜினின் வயது அதற்குத் தெரியாது.

மூன்றாவது வழி, மெக்கானிக்குக்குப் பிடித்த வழி. அதில் ஓட்டும் சுகம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஜென் இன்ஜின் 993 சி.சி., 4 சிலிண்டர். சுமார் 650 கிலோ எடையுள்ள 800-இல் ஏற்றினால் வண்டி பறக்கும். ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணோடு கொள்ளளவும் சிலிண்டர் எண்ணிக்கையும் இருக்கின்றன. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது 52(1). கேரளத்திலிருந்து சென்ற கே. ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை அழுத்தமாகச் சொன்னது. மாநில விதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு 52(1)-ஐக் கவனிக்கத் தவறிவிட்டது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாறச் சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட்டைப் பொருத்தி ஆர்.சி.யில் பதிய வேண்டும், அவ்வளவுதான். வேறு மாடல் காரின் இன்ஜினுக்கு அந்தக் கதவு இல்லை.

மீறினால்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐயாயிரம்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் அடுத்த பத்தியையும் படிப்பது நல்லது.

2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். ஜென் இன்ஜின் முதல் வரம்புக்குள் நிற்கிறது. 1,061 சி.சி. வேகன்-ஆர் இன்ஜின் அதைத் தாண்டுகிறது. 796 என்று எழுதிக்கொடுத்து 2,094 கட்டியவர் 1,061 சி.சி. வண்டி ஓட்டினால், முக்கியத் தகவலை மறைத்துப் பெற்ற பாலிசி இது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவில் இடமுண்டு. பெரிய விபத்து என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர், ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து வண்டியைப் பரிசோதிப்பார். எண் பொருந்தவில்லை என்பது அங்கே வெளிவரும். பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்லக்கூடும். காரின் விலை சில பத்தாயிரம். உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சம்.

ஆகவே இந்த வாசகருக்கு யோசனை: பிளாக்கைக் காப்பாற்ற முடியும் என்று லேத் பட்டறை சொன்னால் போர் செய்வதே மேல். பிளாக் வெடித்துவிட்டதென்றால் இரண்டாவது வழி. 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் அறிவிக்கை 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அதையும் இன்ஜின் செலவோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு, இந்த வண்டிக்கு இவ்வளவு செய்யலாமா என்று வீட்டில் ஒருமுறை பேசிவிடுவதும் தவறில்லை.

இரண்டாவது வழி என்று முடிவானால், சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூர் பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும், இன்ஜின் எண் எழுதிய பில் வேண்டும். அந்த இன்ஜின் முதலில் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வேண்டும். வண்டி உடைக்கப்பட்டுவிட்டால் அதன் உரிமையாளர் 55-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்திருக்க வேண்டும். அந்த ரத்துக்கான தாளைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுவது உத்தமம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகு மாட்டி, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஆர்.சி.யில் புது எண் ஏறியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் 2026 புதுப்பிப்புக்குப் போகும் முன் முடிந்திருக்க வேண்டும். வாங்கிய இன்ஜின் சொன்ன தரத்தில் இல்லையென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்கும் அதே பில்தான் ஆதாரம்.

கழற்றிய பழைய இன்ஜினை மெக்கானிக்கிடம் இனாமாக விட்டுவிட வேண்டாம். ஆர்.சி.யில் திருத்தம் ஏறும்வரை அது வாசகரின் கையிலேயே இருக்கட்டும். பிறகு விற்கும்போது எண்ணைக் குறிப்பிட்டு, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை அந்த எண் வேறொரு வண்டியில் தென்பட்டால், போலீஸ் முதலில் கதவைத் தட்டப்போவது ஈரோட்டில்.