ஸ்டீவனேஜ் ஊராரின் வழக்கு

ஊர் என்னும் சொல் தமிழில் வீடுகளின் தொகுதியை மட்டும் குறிப்பதன்று. அவ்வீடுகளில் வாழும் மக்களையும் அது குறிக்கும். 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தவை சுவர்கள் அல்ல. ஆகவே ஓர் ஊரை மாற்றப் புகுவோர் அதன் மண்ணை அளந்தால் மட்டும் போதாது. மக்கள் மனத்தையும் அளத்தல் வேண்டும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்று இங்கிலாந்து தேசத்தில் 1946-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இலண்டன் மாநகருக்கு வடக்கே ஏறக்குறைய முப்பது மைல் தொலைவில் ஸ்டீவனேஜ் என்னும் சிற்றூர் இருந்தது. வடநாடு செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் பழைய விடுதிகளும் கடைகளும், அவற்றைச் சூழ வயல்களும் புல்வெளிகளும் அமைந்த ஊர் அது. அங்கு வாழ்ந்தோர் 6,000 பேர் அளவினர். நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டர் தம் இளமைப் பருவத்தை இவ்வூரை அடுத்த 'ரூக்ஸ் நெஸ்ட்' என்னும் மனையில் கழித்தார். 1910-இல் வெளிவந்த அவருடைய 'ஹோவர்ட்ஸ் எண்ட்' என்னும் நாவலில் வரும் வீட்டிற்கு இம்மனையே மூலம்.

இவ்வூருக்கு வந்த மாறுதலின் காரணத்தை இலண்டனிலே தேடுதல் வேண்டும். போருக்கு முன்னரே அந்நகரின் கிழக்குப் பகுதியில் ஏழை மக்கள் காற்றும் வெளிச்சமும் குன்றிய இடங்களில் நெருங்கி வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு எண்ணிறந்த குடும்பங்களை வீடற்றோர் ஆக்கிற்று. பாட்ரிக் ஆபர்க்ராம்பி என்னும் நகர அமைப்பு வல்லுநர் 1944-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். மாநகரைச் சுற்றிக் கட்டடம் எழாத பசும்பரப்பை நிறுத்தி, அதற்கப்பால் புதிய நகரங்களை அமைத்து, மிகுந்த மக்களை அங்குக் குடியேற்றுதல் அத்திட்டத்தின் கருத்து. அவ்வாறு குறிக்கப்பட்ட இடங்களுள் ஸ்டீவனேஜும் ஒன்று. 6,000 பேர் வாழ்ந்த ஊரை 60,000 பேர் வாழும் நகராக்குவது என்று எண்ணினர்.

இத்திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு நகர நாட்டுப்புற அமைப்பு மந்திரி லூயிஸ் சில்கினிடம் வந்தது. அவர் கிழக்கு இலண்டனில் பிறந்தவர். வீடற்றோர் துயரை அறிந்தவர். அவர் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை அவர் நடத்திய முறையே பூசலுக்கு வித்தாயிற்று. தங்கள் வீடும் நிலமும் எடுத்துக்கொள்ளப்படும் என்னும் செய்தி அவ்வூராருட் சிலருக்குக் கடித வாயிலாக வந்தது. 1946 மே 6-ஆம் நாள் மந்திரி நேரில் சென்று ஊர் மண்டபத்தில் பேசினார். மண்டபம் நிறைந்து வெளியிலும் மக்கள் திரண்டனர். எள்ளி நகைத்துக் கூச்சலிட்ட அக்கூட்டத்தை நோக்கி, நகைப்பதாற் பயனில்லை, இது நடந்தே தீரும் என்னும் கருத்துப்பட அவர் கூறினார். 'சர்வாதிகாரி' என்று கூட்டத்தினர் முழங்கினர். அவர் ஏறிவந்த மோட்டார் வண்டியின் சக்கரங்களிலிருந்து சிலர் காற்றை இறக்கிவிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் 'சில்கின்கிராடு' என்னும் பெயர் விளங்கிற்று! ஸ்டாலின்கிராடு என்பதைப் போன்ற அப்பெயர் மந்திரியின் போக்கை இகழ்ந்து சூட்டியது.

ஊரார் கூறிய காரணங்கள் வெறும் தன்னலம் என்று தள்ளத்தக்கன அல்ல. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் அவர்களுடையது. அன்றியும், போர்க்காலத்திலும் பங்கீட்டிற்கு உட்படாத ரொட்டி 1946 ஜூலையில் பங்கீட்டிற்கு வந்தது. உணவு அருகிய காலத்தில் விளைநிலத்தை அழித்தல் தகுமோ என்னும் வினா பொருளுடையதே. எனினும் ஊரார் அனைவரும் ஒருமனப்பட்டு எதிர்த்தனர் என்றல் பொருந்தாது. வேலையும் வீடும் வேண்டியிருந்தோர் சிலர் புதுநகரை வரவேற்றனர். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை இங்கு நினைப்பார் உளர். ஆனால் ஆகாப் அரசன் தன் கீரைத் தோட்டத்திற்காகவே அந்நிலத்தை விரும்பினான். சில்கின் பிறர் குடியிருப்புக்காக விரும்பினார். இவ்வேறுபாடு சிறியதன்று, இதனாலேயே இவ்வழக்கு நேரிய மனத்தையும் இருபாற்படுத்துகின்றது. பார்ஸ்டரே மக்களுக்கு வீடு வேண்டும் என்பதை 1946-இல் தம் வானொலிப் பேச்சில் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஈடு செய்யவொண்ணாத ஒன்று அழிகின்றதே என்று வருந்தாதிருக்க அவரால் இயலவில்லை.

புது நகரச் சட்டம் 1946 ஆகஸ்டு 1-ஆம் நாளே நிறைவேறியது. எதிர்ப்புரைகளைக் கேட்க அக்டோபரில் பொதுவிசாரணை நடந்தது. நவம்பர் 11-இல் மந்திரியின் ஆணை பிறந்தது. ஸ்டீவனேஜ் அச்சட்டத்தின்படி அமைந்த முதற் புதுநகர் ஆயிற்று. ஊரார் நீதிமன்றம் சென்றனர். சட்டம் பிறக்குமுன்னரே 'நடந்தே தீரும்' என்றவர், பின்னர் நடந்த விசாரணையைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்திருத்தல் கூடுமோ என்பது அவர்கள் வாதம். 1947 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதனை ஏற்று ஆணையைத் தள்ளிற்று. மேல்முறையீட்டு மன்றம் மார்ச்சு மாதத்தில் ஆணையை மீட்டது. ஜூலையில் பிரபுக்கள் சபை முடிவு கூறிற்று: மந்திரியின் கடமை நிர்வாகக் கடமையேயன்றி நீதிபதியின் கடமை அன்று, விசாரணை அறிக்கையையும் எதிர்ப்புரைகளையும் உண்மையாகவே அவர் கருதினாரா என்பதே வினா, கருதவில்லை என்பது நிறுவப்படவில்லை. ஊரார் தோற்றனர்.

பின்னர் நடந்தது யாது? நகர் மெல்ல எழுந்தது. 1959-இல் எலிசபெத் அரசியார் அதன் நடுவிடத்தைத் திறந்துவைத்தார். வண்டிகள் புகாது மக்கள் நடந்தே செல்லும் கடைத்தெருவுக்கு அது பேர்பெற்றது. இலண்டனின் நெருக்கடியிலிருந்து வந்தோர் தோட்டமுள்ள வீடுகளைப் பெற்றனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு 89,000-க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். பழைய வீதி இன்றும் உளது. ரூக்ஸ் நெஸ்டும் இடியாது நிற்கின்றது. அஞ்சியவாறு அனைத்தும் அழிந்துபடவில்லை. ஆனால் வயல்கள் மீளவில்லை. அவற்றை உழுதோர் கேட்ட வினாவும் தீரவில்லை.

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறர் கூறுவதைச் செவிகொள்ளுதல் ஒன்று. பிறரை வினாவுதல் மற்றொன்று. ஸ்டீவனேஜில் மந்திரி முதற்பொருளாற் கேட்டார். சட்டத்திற்கு அது போதுமானதாயிற்று. இரண்டாம் பொருளால், முடிவு செய்யுமுன் 'உங்கள் கருத்து யாது?' என்று அவர் கேட்டிருந்தால், நகர் எழாதிருக்கும் என்று சொல்லவியலாது; வீடற்றோர் தேவை அத்துணைப் பெரிது. ஆயின் ஊரார் இழந்தது நிலமாக மட்டும் இருந்திருக்கும். மதிப்பையும் உடன் இழந்தோம் என்னும் புண் அவர்களுக்கு நேர்ந்திராது. பொதுநன்மைக்காக ஒருவன் வீட்டை எடுக்க நேருங்கால், முதலில் அவ்வீட்டின் கதவைத் தட்டுதல் முறை. நாளை அதிகாரத்தில் அமரக்கூடிய மாணவராகிய நாம் இதனை நெஞ்சிற் பதித்தல் நன்று.