ஒரு சைக்கிள், இரண்டு ஜோடி சக்கரம்

கேள்வி: டிஸ்க் பிரேக் கிராவல் சைக்கிள் வைத்திருக்கிறேன். தினமும் தார்ச்சாலை, ஞாயிறுகளில் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் மண்பாதை. வாராவாரம் டயர் மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது. இன்னொரு ஜோடி சக்கரம் வாங்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக வாங்குங்கள். டிஸ்க் பிரேக் இருப்பதால் வேறு அளவு ரிம்கூடப் போடலாம். ரிம்மைக் கவ்வும் பிரேக்கில் அது நடக்காது.

தாருக்கு 700சி ரிம்மில் 28 மி.மீ. டயர், மண்ணுக்கு 650பி ரிம்மில் 47 மி.மீ. டயர் போடுங்கள். டயர் உட்காரும் விட்டம் முன்னதில் 622 மி.மீ., பின்னதில் 584. ரிம் சிறுத்தாலும் டயர் தடிப்பதால் இரண்டுமே மொத்தத்தில் சுமார் 678 மி.மீ. வரும், வண்டியின் உயரம் மாறாது. 47 டயர் ஃப்ரேமில் உரசாமல் சுழலுமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இரண்டு ஜோடிக்கும் ஒரே மாடல் ஹப் வாங்குவது உத்தமம். இல்லாவிட்டால் டிஸ்க் மயிரிழை தள்ளி உட்கார்ந்து பேடில் உரசும், கியரும் தடுமாறும். ஆறு போல்ட் டிஸ்க் என்றால் அடியில் 0.2 மி.மீ. வளையம் வைத்துச் சரிசெய்யலாம்.

பலரும் கோட்டைவிடுவது கேசட்டில்தான். செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும். ஒரே ஜோடியில் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு அடுத்ததை மாட்டினால், நீண்டுபோன செயின் புதுப் பற்களில் துள்ளும், ஏற்றத்தில் மிதிக்கும்போது அது ஆபத்து. எனவே இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே புதிது போடுங்கள். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

ஹைட்ராலிக் பிரேக்கா? சக்கரம் கையில் இருக்கும்போது லீவரை அழுத்திவிடாதீர்கள். பேடுகள் நெருங்கி, டிஸ்க் உள்ளே போகாது.