பழைய மின்சாதனங்கள்: விலையும் செலவும்

தில்லிக் குடியிருப்புகளில் காலை வேளையில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் கபாடிவாலாவை அறியாதார் இலர். பழுதடைந்த மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு அவர் கையோடு பணம் தருகிறார். நமக்குப் பயனற்றதாகிவிட்ட பொருளுக்கு அவரால் எவ்வாறு விலை தர முடிகிறது?

விடையின் ஒரு பகுதி எளிது. மின்விசிறி மோட்டாரிலும் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரிலும் செம்புக் கம்பி உள்ளது. கணினியின் மின்சுற்றுப் பலகையில் சிறிதளவு தங்கமும் உண்டு. செம்புத் தாதுக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில், வீடு வீடாகச் சென்று உலோகம் திரட்டுபவரைக் குறை கூறுவதற்கில்லை.

மற்றொரு பகுதி, அவர் தரும் விலையில் சேராத செலவாகும். தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் சிறு பட்டறைகளில் இச்சாதனங்கள் பிரிக்கப்பட்டு வந்துள்ளன. செம்பை எடுக்கப் பி.வி.சி. உறையிட்ட கம்பிகளை எரித்தால் டையாக்சின் எனும் கொடிய நச்சு உண்டாகிறது. தங்கத்தைப் பிரித்த அமிலம் சாக்கடையில் கலக்கிறது. பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் ஈயம் கலந்த கண்ணாடி உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டினால், ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோ புளூரோ கார்பன் வாயு வெளியேறும். 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்த முனைந்தது இத்தகைய வாயுக்களையே. பொருளியலார் இவற்றைப் புறச்செலவு என்பர். அச்செலவைச் செலுத்துவோர் பட்டறைத் தொழிலாளரும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுமே. பாதுகாப்புக்குச் செலவிடும் முறையான ஆலையால் கபாடிவாலா தரும் விலையைத் தர இயலாமற்போவது இதனாலேயே.

இந்த இடைவெளியை உற்பத்தியாளரைக் கொண்டு நிரப்புவதே சட்டத்தின் நோக்கம். 2011இல் வெளியான மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வழிவந்த 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலாகின. உற்பத்தியாளர் தாம் விற்ற சரக்குக்கு ஈடாக மறுசுழற்சி இலக்கை எய்த வேண்டும். 2023-24இல் 60 விழுக்காடாகத் தொடங்கிய இலக்கு, 2027-28இல் 80 விழுக்காடாக உயரும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி இக்கடமையை அவர் நிறைவேற்றுகிறார். ஆனால் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு எனும் நான்கு உலோகங்களைக் கொண்டே சான்றிதழ் கணக்கிடப்படுகிறது. ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக ஒதுக்கும் உழைப்புக்கும் அக்கணக்கில் இடம் தருவது பொருத்தமாயிருக்கும். கபாடிவாலாவின் தொழிலை ஒழிக்கவும் தேவையில்லை. சேகரிப்பது அவர் பணியாகவும், பிரிப்பது ஆலையின் பணியாகவும் அமைந்தால் போதும்.

இல்லத்தாருக்குச் சொல்லத்தக்கது சிறிதே: படக்குழாயை உடைக்கலாகாது, குளிர்சாதனக் குழாயை வெட்ட விடலாகாது, சாதனத்தை முழுதாகவே ஒப்படைக்க வேண்டும்.

அலுவலகங்களின் பொறுப்போ பெரிது. விதிகள் வருவதற்கு முன், கழிக்கப்பட்ட கணினிகளை ஏலம் விடும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். அதிக விலை கேட்டவருக்கே கொடுத்தோம். அரசுக்கு இலாபம் என்று கோப்பிலும் எழுதினோம். அவற்றை அவர் எங்கே பிரிப்பார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இன்று மொத்தப் பயனீட்டாளர் என்ற வகையில் வரும் அலுவலகம், பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே இவற்றை ஒப்படைக்கலாம். ஏல அறிவிப்பில் அந்த நிபந்தனை முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும்.